ஜன்னலோரம் கிரே, ஹாலில் மஞ்சள்: ஓபிஏ (வெள்ளையைக் கூட்டிக் காட்டும் ரசாயனம்) உள்ள தாளுக்கு எப்படி புரொஃபைல் போடுகிறீர்கள்?

உப்புக்காற்று | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது. அதனால் பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி உப்பளங்களில் எடுத்த 24 கருப்பு வெள்ளைப் படங்களை ஒரு கண்காட்சிக்காக அச்சடித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் 13×19 அங்குலம். பிரிண்டர் எப்சன் எல்1800, ஒரிஜினல் மை. தாள் 260 ஜிஎஸ்எம் லஸ்டர். விலை படிந்து வந்தது என்று ஐந்து பெட்டி மொத்தமாக வாங்கிவிட்டேன்.

வீட்டு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் கிரே என்றால் அப்படி ஒரு கிரே. அதே பிரிண்டைக் கண்காட்சி ஹாலுக்குக் கொண்டுபோய் எல்இடி ஸ்பாட் லைட்டின் கீழே பிடித்தேன். உப்புக் குவியலின் வெளிச்சப் பக்கம் முழுக்க அழுக்கு மஞ்சள். இரண்டு வருடம் டிரங்குப் பெட்டியில் மடித்துக் கிடந்த வேட்டி மாதிரி. வேடிக்கை என்னவென்றால் படத்தின் இருட்டுப் பகுதிகளில் ஒரு குறையும் இல்லை. உப்பு வாரும் பெண்களின் நிழல், பாத்தி வரப்பு எல்லாம் சுத்தமாக இருக்கிறது. வெளுத்த கிரே மட்டும்தான் கெடுகிறது. உப்புப் படத்தில் வெளுத்த கிரே கெட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

புரொஃபைல், அதாவது இந்தத் தாளில் எந்த நிறத்துக்கு எவ்வளவு மை என்று சொல்லும் கோப்பு, நானே போட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஐ1 ப்ரோ நிற மீட்டர், யூவி (புற ஊதா) ஃபில்டர் இல்லாத வகை. 918 நிறக் கட்டங்கள் உள்ள சார்ட், ஒரு நாள் முழுக்க உலரவிட்டு அளந்தேன். மென்பொருள் மீட்டரோடு வந்த பழையது. படத்தின் நிறங்களைத் தாளுக்கு ஏற்ப மாற்றும் முறைகளில் பெர்செப்சுவலில் அச்சடித்தேன். தாள் விற்றவர் கொடுத்த புரொஃபைலையும் போட்டுப் பார்த்தேன், அது இதைவிட மோசம்.

வெற்றுத் தாளின் அளவு: எல் (வெளிச்சம்) 94.9, ஏ (சிவப்பு-பச்சை) 1.2, பி (பிளஸ் மஞ்சள், மைனஸ் நீலம்) மைனஸ் 5.8. எங்கே தப்பு?

ஸ்டூடியோ24 | திங்கள், இரவு 10:05

மீட்டரை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். பார்க்க வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இது கண்ணில் படாது. பதினைந்து வருடமாகக் கல்யாண ஆல்பம் போடுகிறேன், கிரே மஞ்சளாக இருக்கிறது என்று ஒரு மாப்பிள்ளையும் சொன்னதில்லை.

ஐசிசி_ஐயாசாமி | திங்கள், இரவு 11:20

மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பார், கிரேயையா பார்ப்பார். விடுங்கள்.

உப்புக்காற்று தம்பி, உங்கள் கணக்கில் தப்பே இல்லை, அதுதான் சிக்கல். வெற்றுத் தாள் பி மைனஸ் 5.8 காட்டுகிறது என்றாலே உள்ளே ஆப்டிகல் பிரைட்டனர், அதாவது ஓபிஏ, நிறைய இருக்கிறது. தாள் ஆலைகளில் பெரும்பாலும் ஸ்டில்பீன் குடும்பத்து ரசாயனம் போடுவார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை, 340 முதல் 380 நானோமீட்டர் வாக்கில் இருப்பதை, அது விழுங்கி 440 பக்கம் நீலமாகக் கக்கும். அந்த நீலம் தாளின் இயல்பான மஞ்சளை அடித்துவிடும், பார்ப்பவருக்குத் தாள் ‘வெள்ளை வெளேர்’. ஆனால் விழுகிற வெளிச்சத்தில் புற ஊதா இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி நீள அலை யூவியில் நிறையவே உள்ளே விடும். ஹாலில் இருக்கிற வெள்ளை எல்இடி என்பது 450 பக்கம் ஒரு நீலச் சில்லு, மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அதில் யூவி கிட்டத்தட்ட கிடையாது. அங்கே உங்கள் தாள் வித்தையை நிறுத்திவிட்டது.

அப்போது வெற்றுத் தாள்தானே மாற வேண்டும், கிரே ஏன் மஞ்சளாகிறது என்பீர்கள். உங்கள் மீட்டரின் டங்ஸ்டன் விளக்கில் கொஞ்சம் யூவி இருக்கிறது. வெளுத்த கிரே கட்டத்தில் மைத்துளிகளுக்கு நடுவே தாள் நிறையத் தெரியும், அந்தத் தாளின் நீலமும் அளவில் சேர்ந்துவிடும். ‘கிரே நீலமாக இருக்கிறதே’ என்று மென்பொருள் நினைத்து, அதைச் சமன் செய்ய மஞ்சள் மையை ஒரு சிட்டிகை கூட்டிவிடும். ஜன்னலோரம் நீலமும் மஞ்சளும் சரிக்குச் சரி. ஹாலில் நீலம் போய்விட்டது, மஞ்சள் மை எங்கே போகும்? இருட்டுப் பகுதியில் மை தாளை மூடிவிடுவதால் யூவி உள்ளேயும் போகாது, நீலம் வெளியேயும் வராது. அதனால்தான் நிழல் பிழைத்தது.

நம்பிக்கை வரவில்லை என்றால் மளிகைக் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு இருக்கும். அதன் கீழே உங்கள் தாளையும் ஒரு 500 ரூபாய் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

உப்புக்காற்று | செவ்வாய், மதியம் 1:15

அண்ணா, தெருமுனைக் கடையில் செய்து பார்த்துவிட்டேன். கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கியபிறகுதான் விளக்கைப் போட்டார்.

நோட்டின் தாள் இருண்டு கிடந்தது. எண்ணும் சின்னச் சின்ன இழைகளும் மட்டும் மின்னின. பக்கத்தில் என் லஸ்டர் தாள் டியூப்லைட் போட்ட மாதிரி எரிகிறது. திருப்பிப் போட்டால் பின்பக்கமும் எரிகிறது. கையோடு கொண்டுபோன மாதிரித் தாள் ஒன்று, கேன்சனின் ரேக் ஃபோட்டோகிராஃபிக், நோட்டு மாதிரியே இருண்டிருந்தது. என் சட்டைக் காலரும் எரிந்தது. அது எதற்கு?

திருப்பூர்சாயம் | செவ்வாய், மதியம் 2:02

சட்டை விஷயம் என் துறை, வருகிறேன். துணி துவைக்கிற பவுடரில் இதே சரக்கு இருக்கிறது தம்பி. பனியனுக்கு வெள்ளை ஏற்ற நாங்கள் சாயத் தொட்டியிலேயே போடுவோம், ஒயிட்டனர் என்போம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் டினோபால், ராணிபால் என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரியும்.

சொட்டு நீலத்தையும் இதையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. சொட்டு நீலம் வெறும் நீலச் சாயம். வேட்டியிலிருந்து திரும்புகிற மஞ்சள் வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், அதனால் மொத்த வெளிச்சமும் ஒரு துளி குறையும். ஒயிட்டனர் இல்லாத வெளிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். வெயிலுக்கு ஈடான விளக்கில் சில வெள்ளைத் துணிகள் 430, 440 நானோமீட்டரில் நூறு சதவீதத்துக்கு மேல் ‘பிரதிபலிப்பதாக’ எங்கள் லேப் மெஷினே காட்டும். வேலைக்கு வந்த புதிதில் மெஷின் பழுது என்று நினைத்து சர்வீஸுக்கு போன் போட்டவன் நான். குதிரைச் செஸ்நட் மரப்பட்டைச் சாறில் நனைத்த துணி வெளுத்துத் தெரிகிறது என்று பால் கிரைஸ் என்ற ஜெர்மானியர் 1929-இல் எழுதினார். இந்தத் தொழிலின் பிள்ளையார் சுழி அதுதான் என்பார்கள்.

நாங்கள் ஒரு ஷேடுக்கு ஓகே வாங்குவதற்கு முன் லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை டியூப்லைட்), யூவி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். எந்த லைட்டில் பார்க்க வேண்டும் என்று பையர் எழுதிக் கொடுத்துவிடுவார். அது எழுத்தில் இல்லாமல் ஆர்டர் எடுத்தால் சண்டை நிச்சயம். உங்கள் தொழிலில் அந்தக் கேள்வியைக் கேட்காமலே அளக்கத் தொடங்கிவிடுகிறீர்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்னொன்று. உங்கள் பிரிண்டரில் ஆறு மை, அதில் கிரே மை கிடையாது. கிரே எல்லாமே கலர் கலந்து வருவது. அப்படிக் கலந்த கிரே ஓபிஏ இல்லாத தாளிலும் லைட்டுக்கு லைட் மாறும், அது வழக்கமான மெட்டாமெரிசம். பழி முழுவதையும் தாள் மேல் போட்டுவிடாதீர்கள். அந்த ரேக் தாளிலும் அதே கிரே பட்டையை அடித்து இரண்டு லைட்டிலும் பாருங்கள்.

யாழ்ஒளி | செவ்வாய், மாலை 6:30

நான் கலர்மங்கி என்ற மீட்டரைத்தான் பாவிக்கிறேன். இதே மாதிரியான லஸ்டர் தாளுக்குப் பத்துப் பதினைந்து புரொஃபைல் செய்திருப்பேன், இந்த மஞ்சள் பிரச்சினை வந்ததே இல்லை. ஆனால் ஒன்று, கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்தால் படம் கொஞ்சம் குளிர்ந்து தெரியும். மீட்டர் மலிவு, அதுதான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

ஐசிசி_ஐயாசாமி | செவ்வாய், இரவு 8:10

யாழ்ஒளி அண்ணை, உங்கள் மீட்டர் மேல் பழி வேண்டாம். கலர்மங்கியின் விளக்கு வெள்ளை எல்இடி. யூவியே இல்லாததால் அதற்கு ஓபிஏ கண்ணில் படாது. உங்கள் கடைக்குள்ளே எல்இடி, மீட்டருக்குள்ளும் எல்இடி, இரண்டும் ஒத்துப்போனது. வாசலுக்கு வந்ததும் வெயில் தாளை எழுப்பிவிடுகிறது. தம்பியின் வீட்டில் நடந்ததைத் தலைகீழாகப் போட்டால் உங்கள் கதை.

புதியவர்களுக்காக ஒரு வரி: ஐஎஸ்ஓ 13655-இன் 2009 பதிப்பில் இதற்கு நான்கு அளவு நிலைகள் வகுத்தார்கள். எம்0 பழைய டங்ஸ்டன் பாணி, யூவி எவ்வளவு என்று கட்டுப்பாடு இல்லை. எம்1 என்றால் யூவி உட்பட டி50 பகல் வெளிச்சம். எம்2-இல் யூவியை வெட்டிவிட வேண்டும். எம்3 அதோடு போலரைசரும் சேர்ந்தது, அது இங்கே நமக்கு வேண்டாம்.

சிவகாசிப்பிரஸ் | செவ்வாய், இரவு 9:00

இவ்வளவு பேச்சு எதற்கு? எம்1-தான் ஸ்டாண்டர்ட். ஆஃப்செட் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647-2-இன் 2013 பதிப்பு எம்1, அதற்கான நிற அளவுத் தொகுப்பு ஃபோக்ரா51-உம் எம்1. நாங்கள் காலண்டர், டைரி எல்லாம் அப்படித்தான் புரூஃப் (மாதிரி அச்சு) எடுக்கிறோம், பிரஸ்ஸும் புரூஃபும் அச்சு அசலாக ஒத்துப்போகிறது. எம்1 உள்ள மீட்டர் ஒன்று வாங்குங்கள், கதை முடிந்தது.

ஐசிசி_ஐயாசாமி | செவ்வாய், இரவு 9:25

அண்ணாச்சி, உங்களுக்கு அது சரி. பிரஸ்காரரும் கிளையண்டும் அச்சைப் பார்க்கவென்றே தரம் வகுத்த ஒரே ஐஎஸ்ஓ 3664 வெளிச்ச பூத்தில் நின்று பார்க்கிறீர்கள், அந்த விளக்கில் யூவி இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த பூத்தோடு ஒத்துப்போகத்தான் எம்1 வந்தது. தம்பியின் ஹாலில் யூவி பூஜ்யம். எம்1-இல் அளந்தால் அவருடைய மீட்டர் இப்போது காட்டுவதைவிடவும் நீலம் கூடும், மென்பொருள் மஞ்சளை இன்னும் கூட்டும். நோய் முற்றும்.

சிவகாசிப்பிரஸ் | செவ்வாய், இரவு 9:41

அப்படியானால் பெர்செப்சுவலை விட்டு ரிலேட்டிவ் முறையில் அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளை, தாளின் வெள்ளைக்கே போய்விடும். மஞ்சள் எப்படி வரும்?

ஐசிசி_ஐயாசாமி | செவ்வாய், இரவு 10:30

நல்ல கேள்வி, இதில் நானே ஒரு காலத்தில் ஏமாந்திருக்கிறேன். ரிலேட்டிவில் கிரே முழுவதும் தாள் வெள்ளையின் சாயலையே பின்பற்ற வேண்டும். தாள் நீலம் என்று மீட்டர் சொன்னால் நடு கிரேயும் அதே அளவு நீலமாக இருக்க வேண்டும் என்று கணக்கு போகும். ஆனால் மை ஏற ஏற தாளின் ஒளிர்வு மை அளவைவிட வேகமாகச் செத்துவிடும். யூவி உள்ளே போகும்போது ஒரு வெட்டு, நீலம் வெளியே வரும்போது இன்னொரு வெட்டு. குறைகிற அந்த நீலத்தை புரொஃபைல் மையால் ஈடுகட்டப் பார்க்கும். விளைவு, எல்இடியில் வெள்ளை வெள்ளையாக இருக்கும், நடு கிரே லேசாக நீலம் அடிக்கும். என் கையில் அப்படித்தான் வந்தது. பெர்செப்சுவலில் மஞ்சள், ரிலேட்டிவில் நீலம், இரண்டுக்கும் காரணம் அதே ஓர் அளவு. எந்த மென்பொருள் கிரே அச்சை எப்படி வளைக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால் இன்டென்ட்டை, அதாவது இந்த முறைகளை, மாற்றி மாற்றித் தப்பிக்கப் பார்ப்பது சூதாட்டம்.

இருட்டறை_தாத்தா | புதன், காலை 5:50

எல்லோரும் இரவெல்லாம் விழித்திருப்பீர்கள் போல.

தாளை மாற்றுங்கள் தம்பி. ஓபிஏ போட்ட தாள் ஒரு வெளிச்சத்துக்கு ஒரு முகம் காட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த ரசாயனம் நிரந்தரமும் இல்லை. வெளிச்சம் பட்டுப் பட்டு அது செயல் இழக்கும், அப்புறம் தாள் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பும், பார்ப்பவர் ‘மஞ்சளித்துவிட்டது’ என்பார். ஹென்றி வில்ஹெல்ம், மார்க் மெக்கார்மிக்-குட்ஹார்ட் போன்றவர்கள் பிரிண்ட் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சோதிக்கவே வாழ்நாளைக் கொடுத்தவர்கள். அந்தச் சோதனைகளில் மையோடு தாளின் வெள்ளையும் எப்படி நகர்கிறது என்று பார்ப்பார்கள். கண்காட்சியில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டப்போகிற படம் இது.

எப்சனிலேயே ஹாட் பிரஸ் பிரைட், ஹாட் பிரஸ் நேச்சுரல் என்று ஜோடியாக விற்கிறார்கள். பிரைட்டில் ஓபிஏ உண்டு, நேச்சுரலில் இல்லை. ஹானமூலேயின் போட்டோ ராக் பிரைட் ஒயிட்டும் ஓபிஏ போட்டதுதான். பெயரில் பிரைட் என்று பார்த்தாலே இப்போதெல்லாம் நான் இரண்டு தடவை யோசிக்கிறேன். உப்புக்கு இளம் வெதுவெதுப்பான வெள்ளைதான் அழகு. பளீர் வெள்ளை சோப்புத்தூளுக்கு.

உப்புக்காற்று | புதன், காலை 8:15

தாத்தா, மனசு ஒத்துக்கொள்கிறது, பர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து பெட்டியில் ஒன்றரைதான் தீர்ந்திருக்கிறது. காட்டன் தாளில் 24 படம் என்றால் ஃபிரேம் செலவு மொத்தமும் அதிலேயே போய்விடும். அடுத்த கண்காட்சிக்குக் கட்டாயம் மாற்றுகிறேன். இப்போதைக்கு இந்தத் தாளை வைத்துச் சமாளிக்க வழி சொல்லுங்கள்.

ஐசிசி_ஐயாசாமி | புதன், மதியம் 12:40

வழி இருக்கிறது. உங்கள் மீட்டருக்கு யூவி ஃபில்டர் இல்லாதது இப்போது கைகொடுக்கும். கிரேம் கில் எழுதிய ஆர்கில் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. யூவியோடு அளந்த நிறமாலையை வைத்து, ‘இந்தத் தாளில் ஒளிர்வு இவ்வளவு’ என்று பிரித்தெடுத்து, நீங்கள் சொல்கிற வெளிச்சத்தில் அந்தக் கட்டம் எப்படித் தெரியும் என்று அது திருப்பிக் கணக்குப் போடும். யூவியை வெட்டி அளக்கும் மீட்டரால் இது முடியாது, பார்க்காத ஒன்றைப் பின்னால் சேர்க்க வழியில்லை. யாழ்ஒளி அண்ணை மன்னிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: ஆர்கிலின் சொந்தச் சார்ட்டை அச்சடியுங்கள். அச்சடிக்கும்போது பிரிண்டர் டிரைவரில் கலர் திருத்தம் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஒரு நாள் உலர்ந்ததும் சார்ட்டுக்குக் கீழே அதே தாளில் நாலைந்து ஷீட் அடுக்கி வைத்து அளங்கள், மேஜையின் நிறம் உள்ளே வரக்கூடாது. அளக்கிற ஆர்கில் கட்டளையான சார்ட்ரீட் நிறமாலையைச் சேமிக்கும். அப்புறம் ஹாலுக்குப் போய், வெளிச்சத்தை அளக்கும் கட்டளையான இல்லும்ரீட் ஓட்டுங்கள். உங்கள் மீட்டரோடு வெள்ளைத் தொப்பி மாதிரி ஒரு டிஃப்யூசர் வந்திருக்க வேண்டும். அதை மாட்டி ஸ்பாட் லைட்டை ஒரு தடவை அளங்கள். அடுத்து, அந்த லைட் படும் உங்கள் வெற்றுத் தாளை, தொப்பி இல்லாமல், மீட்டரின் நிழல் விழாதபடி சாய்த்துப் பிடித்து அளங்கள். கடைசியாக மீட்டரைத் தாள் மேலேயே வைத்து வழக்கம் போல ஒரு அளவு. ஐ1 ப்ரோவுக்கு 380 நானோமீட்டருக்குக் கீழே பார்வை கிடையாது, அதனால் உங்கள் தாளையே யூவி பார்க்கும் கண்ணாக வைத்து அந்த ஹாலில் யூவி எவ்வளவு என்று இல்லும்ரீட் ஊகித்துக்கொள்கிறது. இந்த யோசனை வந்தவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

அந்த ஹால் கோப்பையே பார்வை வெளிச்சமாகக் கொடுத்து, புரொஃபைல் செய்யும் கட்டளையான கோல்ப்ராஃபில் ஒளிர்வுத் திருத்தத்தைப் போட்டுப் புரொஃபைல் எடுங்கள். ஹாலின் அளவும் சேருவதால், திருப்பூர்க்காரர் சொன்ன மெட்டாமெரிசமும் ஓரளவுக்கு இதிலேயே அடங்கும்.

உப்புக்காற்று | வெள்ளி, இரவு 11:50

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மதுரை நண்பரிடம் கலர்மங்கி கடன் வாங்கி, என் பழைய புரொஃபைலில் அடித்த கிரே பட்டையை இரண்டு மீட்டராலும் அளந்தேன். வெற்றுத் தாளில் ஐ1 ப்ரோ பி மைனஸ் 5.8, கலர்மங்கி மைனஸ் 0.9. ஒரே தாள், ஒரே மேஜை, ஐந்து நிமிட இடைவெளி. எல் 85 உள்ள வெளுத்த கிரேயில் ஐ1 ப்ரோ மைனஸ் 0.2, கலர்மங்கி பிளஸ் 2.9. எல் 30 உள்ள கருங்கிரேயில் 0.1, 0.3. ஐயாசாமி அண்ணா முதல் நாளே சொன்னது எழுத்துக்கு எழுத்து கண்ணெதிரே எண்ணாக நின்றது. என் மீட்டர் பொய் சொல்லவில்லை, என் ஹாலைப் பற்றி அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ரேக் தாளிலும் திருப்பூர் அண்ணன் சொன்னபடி கிரே பட்டையை அடித்துப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து ஹாலுக்குப் போனதும் அதுவும் லேசாக வெதுவெதுப்பாகிறது. லஸ்டர் போன தூரத்தில் கால்வாசிகூட இருக்காது, ஆனால் இருக்கிறது.

நேற்று ஹாலில் இல்லும்ரீட். ஏணி மேல் ஒரு கை, மீட்டரில் ஒரு கை, லேப்டாப்பை வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முயற்சியில்தான் என் நிழல் தாளில் விழாமல் அளக்க முடிந்தது. யூவி இல்லை என்றே சொல்லிவிட்டது. புதுப் புரொஃபைலில் அடித்த பிரிண்டை இன்று அங்கே பழையதற்குப் பக்கத்தில் வைத்தேன். உப்பு உப்பாகத் தெரிந்தது. அம்மா விவரம் தெரியாமல் ‘இது இப்போது வாரின உப்பு, அது போன வருசத்து உப்பு’ என்றார்.

ஒரு சந்தேகம் பாக்கி. கண்காட்சி முடிந்து படத்தை வாங்குகிறவர் வீட்டில் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் நீலமாகிவிடுமே? இரண்டுக்கும் நடுவில் ஒரு புரொஃபைல் போடலாமா?

சட்டக்காரன் | சனி, காலை 10:10

நான் படம் எடுப்பவன் இல்லை, ஃபிரேம் போடுபவன். நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை, அதனால் நான் கேட்கிறேன். முன்னால் என்ன போடுகிறீர்கள்? சாதாக் கண்ணாடியா, அக்ரிலிக்கா, யூவி ஃபில்டர் வகையா?

உப்புக்காற்று | சனி, காலை 10:32

அக்ரிலிக். யூவி தடுக்கும், படம் மங்காது என்று கடையில் சொல்லிக் கூடுதலாகக் காசு வாங்கினார்கள். 24-க்கும் அதையே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

சட்டக்காரன் | சனி, காலை 10:45

அப்புறம் எதற்குச் சண்டை? ஒரு துண்டு வாங்கி வந்து அந்த நோட்டு விளக்கில் வைத்துப் பாருங்கள்.

உப்புக்காற்று | சனி, மாலை 4:20

இந்தத் தடவை கடைக்காரரே ‘வாங்க தம்பி’ என்று விளக்கை எடுத்து வைத்துவிட்டார்.

வெற்றுத் தாளில் பாதியை அக்ரிலிக் துண்டால் மூடினேன். மூடாத பாதி நீலமாக எரிகிறது. மூடிய பாதி செத்துப்போய், கோடு கிழித்த மாதிரி இருட்டு. துண்டை நகர்த்த நகர்த்த அந்தக் கோடும் கூடவே நகர்கிறது. சாதாக் கண்ணாடித் துண்டை வைத்தால் வெளிச்சம் கொஞ்சம் குறைகிறதே தவிர எரிவது நிற்கவில்லை.

ஐசிசி_ஐயாசாமி | சனி, மாலை 5:05

முதல் பதிவிலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. மீட்டர், எம்0, எம்1 என்று நாலு நாள் வகுப்பெடுத்தேன், தாளுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. சட்டக்காரருக்கு நன்றி.

தம்பி, உங்கள் சந்தேகமும் தீர்ந்தது. யூவி அக்ரிலிக் போட்டபிறகு அந்தப் படம் எந்த ஜன்னலுக்கு எதிரே தொங்கினாலும் ஓபிஏ கண் திறக்காது. ஜன்னலோரம் கிரே லேசாக நகர்ந்தால் அது மையின் மெட்டாமெரிசம், ரேக் தாளில் பார்த்தீர்களே அந்த அளவுதான். நடுவாந்திரம் எல்லாம் வேண்டாம், யூவி இல்லாத இந்தப் புரொஃபைலிலேயே 24-ஐயும் அடியுங்கள். ஃபிரேம் இல்லாமல் கையில் கொடுக்கிற பிரிண்ட் ஏதாவது இருந்தால் மட்டும் அவர் எங்கே வைக்கப்போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டறை_தாத்தா | சனி, மாலை 6:00

யூவியை வெட்டுகிற அக்ரிலிக்குக்குப் பின்னால் ஓபிஏ தாள். வெள்ளைக்காகக் காசு கொடுத்து வாங்கி, அந்த வெள்ளையை அணைக்க இன்னொரு காசு கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு நேச்சுரலே வாங்கியிருக்கலாம்.

உப்புக்காற்று | சனி, மாலை 6:08

தாத்தா, வெந்த புண்ணில் உப்பு. அதுவும் என் சொந்த உப்பு.

திருப்பூர்சாயம் | சனி, மாலை 6:30

இனிமேல் ஆர்டர் எடுக்கும்போது எந்த லைட், எந்தக் கண்ணாடி என்று எழுதி வாங்குங்கள். எங்கள் ஊரில் பனியனுக்கே வாங்குகிறோம்.

ஸ்டூடியோ24 | ஞாயிறு, காலை 9:15

கண்காட்சிக்கு நானும் வருகிறேன், மஞ்சள் தெரிகிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், 24 படமும் அடித்தபிறகு மிச்சம் இருக்கிற அந்த லஸ்டர் பெட்டிகளை என்ன செய்யப்போகிறீர்கள்? பாஸ்போர்ட் போட்டோவுக்கு எனக்குத் தாள் தேவைப்படுகிறது.

உப்புக்காற்று | ஞாயிறு, காலை 9:40

எப்படியும் இரண்டு பெட்டி மிஞ்சும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையில் என்ன லைட் என்று மட்டும் சொல்லுங்கள், புரொஃபைலும் சேர்த்தே தருகிறேன்.